ஓட்டு யார் கையில் என்று தெரியாமல் கிளப்போடு சண்டை போடாதீர்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஆடும் ஒரு கிளப்பின் ரசிகர் குழு, ஏறத்தாழ நாற்பது பேர். இரண்டு பருவமாக அணி கீழ்வரிசையில் கிடக்கிறது. தலைவரும் நிர்வாகக் குழுவும் விலக வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். "இவரையும் விரட்டினால் கிளப்பே மூடிப்போகும், கைதட்ட வந்தவர்கள் கைதட்டுங்கள்" என்கிறார்கள் மீதிப் பேர். வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இரண்டாகிவிட்டது. இங்கிலாந்து ரசிகர்கள் மாதிரி ஆட்டத்தின் நடுவில் எழுந்து போகலாமா, ஸ்டேடியம் வாசலில் பதாகை பிடிக்கலாமா, ரசிகர்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைப் பார்க்கவே இல்லை. கிளப்பில் ஓட்டு யார் கையில் இருக்கிறது? அது தெரியாத வரை "விலகு" என்பதற்கும் பொருள் இல்லை, "பொறுத்துப் போ" என்பதற்கும் பொருள் இல்லை. எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்பது கிளப்பின் சட்ட அமைப்பைப் பொறுத்தது. அது நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, இங்கேயே கிளப்புக்குக் கிளப் மாறுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. உறுப்பினர் சந்தா கட்டும்போது பேநவ் என்ற மின்கட்டண வசதியில் வரும் யூஇஎன் எண்ணை, அதாவது அமைப்பின் பதிவு எண்ணை, பாருங்கள். கிளப்பின் கடிதத்தாளிலும் ரசீதிலும் அதே எண் இருக்கும். டி அல்லது எஸ் என்ற எழுத்தில் தொடங்கி, இரண்டு இலக்க ஆண்டு, பிறகு எஸ்எஸ் என்று இருந்தால் அது சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்த சங்கம். முதல் நான்கு இலக்கம் ஓர் ஆண்டாக இருந்து, மொத்தம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருந்தால் அது நிறுவனம். நிறுவனமாக இருந்தால், நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சிறு கட்டணம் கட்டி, இயக்குநர்கள் யார், பங்குகள் யாரிடம் என்பதைப் பார்த்துவிடலாம். சங்கமாக இருந்தால் சங்கப் பதிவகத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். விவரம் வேண்டுமென்றால் கிளப்பின் அமைப்பு விதியைச் செயலாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். உறுப்பினருக்கு அதைக் கொடுக்க மறுக்கும் கிளப்பில் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது.

இங்குள்ள கிளப்புகள் வழக்கமாகச் சங்கங்களாகவே வளர்ந்தவை. பெரிய விலக்கு லயன் சிட்டி செய்லர்ஸ். 1996-இல் இன்றைய பிரிமியர் லீக் எஸ் லீக் என்ற பெயரில் தொடங்கியபோது போலிஸ் அணியாக இருந்து, 1997-இல் ஹோம் யுனைடெட் ஆன கிளப்பை, 2020 பிப்ரவரியில் சீ குழுமம் என்ற இணைய நிறுவனம் எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் முதல் தனியார் காற்பந்து கிளப் அதுதான். பெயர், சின்னம் எல்லாம் மாறின. பழைய ஹோம் யுனைடெட் ரசிகர்களில் சிலருக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அது நியாயமான வருத்தம். மறுபக்கம், அந்தப் பணம் இல்லாமல் 2025 மே மாதம் பீஷான் ஸ்டேடியத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம் நடந்திருக்காது. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் ஷார்ஜா கிளப்பிடம் 1-2 என்று தோற்றார்கள் என்றாலும், இங்குள்ள ஒரு கிளப் அவ்வளவு தூரம் போனதே இல்லை. அத்தகைய கிளப்பில் ரசிகரிடம் ஓட்டு இல்லை. டிக்கெட் வாங்குவது, வாங்காமல் இருப்பது, பேசுவது, இவைதான் மிச்சம். உங்கள் கிளப் சங்கமாக இருந்தால் கதையே வேறு.

சங்கத்தில் ஓட்டு உறுப்பினரிடம் இருக்கிறது. சீசன் டிக்கெட் வாங்கியவர் வாடிக்கையாளர், உறுப்பினர் இல்லை. ஜெர்சி, சால்வை, பருவம் முழுக்க ஒரு ஆட்டம் விடாமல் வந்தது, எதுவும் ஓட்டாகாது. உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேர் ஓட்டுள்ள சாதாரண உறுப்பினர் என்று எண்ணிப் பாருங்கள். இணை உறுப்பினர், சமூக உறுப்பினர் என்ற வகைகளுக்குப் பெரும்பாலும் ஓட்டு இராது. ஐந்து பேர்கூட தேறவில்லை என்றால் அடுத்த ஓராண்டு வேலை என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சேரும்போது ஒரு தவறு நடக்கும். கோபத்தில் முப்பது பேர் ஒரே வாரத்தில் விண்ணப்பம் கொடுப்பார்கள். புதிய உறுப்பினரை ஏற்பதும் மறுப்பதும் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும். முப்பதும் ஒன்றாக வந்தால் காரணம் புரியாமல் போகாது, விண்ணப்பங்கள் அப்படியே கிடப்பில் போகும். ஒவ்வொருவராக, சில மாத இடைவெளியில் சேருங்கள். சந்தா ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்து எத்தனை மாதம் கழித்து ஓட்டுரிமை வரும் என்று விதியில் பாருங்கள். சந்தா நிலுவை இருந்தால் ஓட்டு போகும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. கூட்டத்து வாசலில் வைத்துத்தான் அதைச் சொல்வார்கள்.

அமைப்பு விதியில் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் இங்கேதான். சங்கப் பதிவகம் ஒரு மாதிரி அமைப்பு விதியை வெளியிட்டிருக்கிறது. பல சங்கங்கள் அதை அப்படியே, அல்லது சிறு மாற்றத்தோடு எடுத்துக்கொள்கின்றன. அதன்படி, ஓட்டுள்ள உறுப்பினர்களில் 25 விழுக்காட்டினர் அல்லது 30 பேர், இதில் எது குறைவோ, அத்தனை பேர் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். கடிதம் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் நிர்வாகக் குழு கூட்டாவிட்டால், கேட்டவர்களே பத்து நாள் அறிவிப்புக் கொடுத்துக் கூட்டலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வார அறிவிப்பு வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உங்கள் தீர்மானத்தைச் சேர்க்க ஒரு வாரம் முன்னால் செயலாளருக்கு எழுத வேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று புதிதாகத் தீர்மானம் கொண்டுவந்தால் தலைவர் தள்ளிவிடலாம், விதி அவர் பக்கம் இருக்கும். உங்கள் கிளப்பில் இந்த எண்கள் வேறாக இருக்கலாம். மாதிரியை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பிரதியை வரி வரியாகப் படியுங்கள்.

குறைவெண் விதியையும் கவனியுங்கள். மாதிரி விதியில் கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்த எண்ணிக்கையும் அதே 25 விழுக்காடு அல்லது 30 பேர்தான். அத்தனை பேர் வராவிட்டால் அரை மணி நேரம் தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு வந்திருப்பவர்களே போதும், அமைப்பு விதியை மட்டும் திருத்த முடியாது. இதன் விளைவைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் வந்த கூட்டத்தில் நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டு, கணக்கு ஏற்கப்பட்டு, எல்லாம் சட்டப்படி முடிந்துவிடும். கிளப்பை நாலு பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் பலர், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தால் போதும் என்ற நிலையில்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு வரி மிக முக்கியம். மாதிரி விதிப்படி, பொருளாளர் மட்டும் அதே பதவிக்கோ அதைச் சார்ந்த பதவிக்கோ தொடர்ந்து இரண்டாம் முறை வர முடியாது. மற்ற எல்லாரும் வரலாம். அப்படியானால் ஒவ்வொரு தேர்தலிலும் பொருளாளர் நாற்காலி காலியாகிறது, கணக்குப் புத்தகமும் அந்த நாற்காலியோடு போகிறது. தலைவரைக் கவிழ்க்க நினைத்து மொத்தக் குழுவையும் எதிர்த்து நிற்பதைவிட, கணக்குத் தெரிந்த, பொறுமையான ஒருவரைப் பொருளாளருக்கு நிறுத்துவது எவ்வளவோ மேல். இரண்டு தரப்புமே ஒப்புக்கொள்ளக்கூடிய முதல் படியும் அதுதான். கை தூக்கித் தேர்தல் நடத்துவது வழக்கம். ரகசிய ஓட்டு வேண்டுமென்றால் வந்திருப்பவர்களில் பெரும்பான்மை ஒப்ப வேண்டும். கிளப்பில் சம்பளம் வாங்குகிறவரும், பிள்ளையை இளையர் அணியில் விட்டிருப்பவரும் தலைவர் முன்னால் கை தூக்கத் தயங்குவார்கள். ஆகவே தேர்தல் தொடங்கும் முன்பே ரகசிய ஓட்டுக்கான கோரிக்கையை வையுங்கள்.

கிளப் நிறுவனமாக இருந்தால் கணக்கு வேறு. ஓட்டுரிமை உள்ள பங்கில் 10 விழுக்காடு வைத்திருப்பவர்கள் கேட்டால் இயக்குநர்கள் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும் என்கிறது நம் நிறுவனச் சட்டம். பங்கே இல்லாத ரசிகருக்கு அதில் இடமில்லை. உத்தரவாத வரம்புள்ள நிறுவனம் என்ற வகையும் உண்டு. அதில் பங்கு இல்லை, உறுப்பினர்கள் உண்டு, யார் உறுப்பினர் என்பதுதான் கேள்வி.

இப்போது "பொறுத்துப் போவோம்" என்கிறவர்களுக்கு வருகிறேன். அவர்கள் கோழைகள் இல்லை. இந்த ஊரில் கிளப்புகள் மறைந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2014 பருவம் முடிந்ததும் உட்லண்ட்ஸ் வெலிங்டன் ஹவ்காங் யுனைடெட்டோடு இணைவதாக அறிவிப்பு வந்தது, தஞ்சோங் பகார் பணமில்லாமல் ஒதுங்கி நின்றது. தஞ்சோங் பகார் பின்னர் திரும்பி வந்தது. உட்லண்ட்ஸ் பெயர் அட்டவணையில் திரும்ப வரவில்லை. நம் லீக்கில் கீழிறக்கமும் இல்லை. இங்கிலாந்தில் மோசமாக நடத்தினால் அணி அடுத்த பிரிவுக்கு இறங்கும், தொலைக்காட்சிப் பணம் போகும், உரிமையாளருக்கு வலிக்கும். இங்கே கடைசி இடத்தில் வந்தாலும் அடுத்த பருவம் அதே லீக். ஆட்டத்தின் முடிவு நிர்வாகத்தைத் தண்டிப்பதில்லை. தண்டிக்கக்கூடியவை உறுப்பினர் ஓட்டு, ஸ்பான்சர், ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிமம், மானியம் கொடுப்பவர்கள். இந்த நான்கில் உங்கள் கைக்கு எட்டுவது முதலாவது, கொஞ்சம் இரண்டாவது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். மொத்த வரவோ செலவோ 500,000 வெள்ளிக்கு மேல் போகும் சங்கம் தன் கணக்கைப் பொதுக் கணக்காய்வாளரிடம் தணிக்கை செய்ய வேண்டும். பொதுக்கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் ஆண்டு அறிக்கையைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்துக்கு முன் உறுப்பினருக்குக் கணக்கு வரும். அதில் நான்கு இடங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில், டிக்கெட் வருமானம். அது மொத்தத்தில் எவ்வளவு சிறிது என்று பார்த்தால் "நாம் இல்லாமல் கிளப் இல்லை" என்ற வாதம் பணக்கணக்கில் நிற்காது என்று புரியும். ரசிகர் கூட்டத்தின் மதிப்பு ஸ்பான்சரிடம் காட்டும் முகமாக இருக்கிறது, கல்லாவில் இல்லை. அடுத்து மானியம், லீக்கில் ஓடும் பணத்தில் பொதுப்பணம் பெரும் பங்கு என்பதால், கணக்கைக் கேட்பது எந்தக் குடிமகனுக்கும் உள்ள நியாயம்.

மூன்றாவது ஜாக்பாட். கிளப் ஹவுஸில் ஜாக்பாட் மெஷின் வைத்து அணியை ஓட்டிய காலம் நீண்டது. 2017 ஏப்ரலில், தேசியக் காற்பந்து லீக்கில் ஆடிய தியோங் பாரு கிளப்பின் நிதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாகச் சந்தேகித்து, அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்எஸ்ஜி போலிசில் புகார் கொடுத்தது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்க அலுவலகத்திலும் சோதனை நடந்தது. அதே ஆண்டு உள்துறை அமைச்சு இந்த மெஷின் அறைகளுக்கான விதிகளை இறுக்கி, நுழையும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஜாக்பாட் வருமானம் சுருங்கியபோது, அதைக் கணக்கில் வைத்துச் சம்பளம் பேசிய கிளப்புகளுக்கு இடி விழுந்தது. உங்கள் கிளப்பின் வரவில் அந்த வரி இன்னும் பெரிதாக இருந்தால் அதன் எதிர்காலம் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி.

நான்காவதுதான் உங்கள் சண்டைக்கு நடுநாயகம்: கடன் பகுதியில் "நிர்வாகக் குழு உறுப்பினருக்குத் தர வேண்டியது" என்ற வரி. மானியம் தாமதமானால், ஸ்பான்சர் கைவிட்டால், தலைவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்திருப்பார். அது நன்கொடையா, கடனா? கடன் என்றால் எழுத்தில் இருக்கிறதா, வட்டி உண்டா, எப்போது திருப்ப வேண்டும்? அவர் விலகிய மறுநாள் மொத்தத்தையும் கேட்க முடியும் என்றால், "விலகு" என்று கத்துகிறவர்கள் கிளப்பின் தலையிலேயே கை வைக்கிறார்கள். வட்டியில்லாமல் ஐந்தாண்டில் திருப்பினால் போதும் என்று எழுத்தில் இருந்தால், பயமுறுத்தலுக்கு அடிப்படை இல்லை. ஒரே வரி, இரண்டு தரப்பில் எது சரி என்பதை அது சொல்லிவிடும். அந்தக் கடன் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சேராதீர்கள்.

சம்பள நிலுவை பற்றிக் காதில் விழுந்தால் கவனம். உள்ளூர் ஆட்டக்காரருக்கு மத்திய சேமநிதி கட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டியதற்கு அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரை அவகாசம். அது தவறினால் புகார் கொடுக்க வேண்டியவர் ஆட்டக்காரர். அவர் பெயரை இழுத்து நீங்கள் பதிவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போவதும் அவருக்குத்தான்.

அடுத்தது, யார் எடுத்த முடிவு என்பது. ஸ்டேடியம் ஏன் மாறியது, ஏன் சொந்தப் பேட்டையை விட்டு ஜலான் புசாரில் ஆடுகிறோம் என்ற கோபம் கிளப் மேல் விழுகிறது. ஸ்டேடியங்கள் ஸ்போர்ட்எஸ்ஜியின் பொறுப்பு. எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாம், ஆட்டம் எந்த நாள் என்பவை லீக்கின் முடிவுகள். பயிற்றுநர், ஒப்பந்தங்கள், இளையர் அணி, சந்தா, ஜெர்சி விலை ஆகியவை கிளப்பின் முடிவுகள். கோரிக்கைக் கடிதத்தில் இவை கலந்து கிடந்தால், "இது எங்கள் கையில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். அதோடு மொத்தக் கடிதமும் போச்சு.

சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்திலும் இப்போது தேர்தல் உண்டு. 2017 ஏப்ரல் 29-இல்தான் முதன்முறையாக அதன் நிர்வாகம் தேர்தலில் வந்தது. அதற்கு முன் நியமனம். அங்கே ஓட்டுப் போடுகிறவை உறுப்பினர் கிளப்புகள். 2025 ஏப்ரலில் தலைவரான ஃபாரஸ்ட் லி, செய்லர்ஸை நடத்தும் சீ குழுமத்தை நிறுவியவர். மற்றக் கிளப்புகளின் ரசிகர்கள் இதைப் பற்றி முணுமுணுப்பது இயல்பு. ஆளைப் பற்றிப் பேசுவதைவிட, தன் கிளப் சம்பந்தப்பட்ட முடிவு வரும்போது சங்கத்தில் யார் விலகி நிற்க வேண்டும், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று உங்கள் கிளப்பின் வழியாகக் கேளுங்கள். உங்கள் கிளப்பின் ஓட்டு அங்கே எப்படிப் போனது என்பதும் உறுப்பினர் கேட்கக்கூடிய கேள்விதான்.

வெளியூர்ப் போராட்டங்களைப் பார்ப்போம். லிவர்பூல் உதாரணம்தான் எல்லாருக்கும் நினைவு வரும். 2016 பிப்ரவரி 6, ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்துடன் ஆட்டம். புதிய டிக்கெட் விலை 77 பவுண்ட் வரை போகும் என்ற அறிவிப்பை எதிர்த்து 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை, முடிவில் 2-2. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். ஏன் பலித்தது? கோரிக்கை ஒன்றுதான், எண்ணோடு இருந்தது, நிறைவேற்ற உரிமையாளருக்குப் பெரிய செலவில்லை, "சரி" என்று சொல்ல அவருக்கு வழி இருந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டில் உரிமையாளரான கிளேசர் குடும்பத்துக்கு எதிரான போராட்டம் 2005-இலிருந்து நடக்கிறது. 2010-இல் பச்சையும் தங்க நிறமுமான சால்வைகளால் ஸ்டேடியமே நிறைந்தது. உரிமை கைமாறவில்லை. காரணம் பங்கில் இருக்கிறது. அந்த கிளப் முதலில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடத்தான் முயன்றது, 2011-இல். பின்னர் 2012 ஆகஸ்டில் நியூயார்க்கில் 14 டாலர் விலையில் பட்டியலிட்டது. பொதுமக்கள் வாங்கும் ஏ வகைப் பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பத்தின் பி வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. இங்கே தேக்காவில் உட்கார்ந்துகொண்டு ஏ பங்கு வாங்கிய ரசிகர் கிளப்பில் பங்குதாரர்தான், ஆனால் எதையும் மாற்ற முடியாது. 2024-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்குதாரராக உள்ளே வர முடிந்ததுகூட, பங்கை விற்கக் குடும்பம் சம்மதித்ததால்தான்.

நமக்கு நெருக்கமான பாடம் வலென்சியா. சிங்கப்பூர்க்காரர் பீட்டர் லிம் 2014-இல் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது, கடனில் மூழ்கிய கிளப்பைக் காப்பாற்ற வந்தவர் என்று அங்கே வரவேற்றார்கள். 2019 மே மாதம் பார்சலோனாவை 2-1 என்று வென்று ஸ்பானிய மன்னர் கோப்பையைக் கொடுத்த பயிற்றுநர் மார்செலினோவை அதே செப்டம்பரில் நீக்கினார்கள். அங்கிருந்து உறவு முறிந்தது. 2007-இல் கட்டத் தொடங்கி 2009-இல் நின்றுபோன புதிய ஸ்டேடியம் 2025 ஜனவரியில்தான் மீண்டும் வேலை கண்டது. ஸ்பெயினில் 5 விழுக்காட்டுப் பங்கு இருந்தால் கூட்டம் கூட்டச் சொல்லலாம். சிறு பங்குதாரர்கள் அதைத் திரட்டினாலும் கூட்டத்தில் ஓட்டெடுப்பு வந்தால் தோல்விதான், பெரும்பான்மை ஒருவரிடம் இருக்கிறது. நம்மவர் என்பதற்காக இங்கே சிலர் அவருக்கு வக்காலத்து வாங்குவதைக் கேட்கிறேன். அந்த ரசிகர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால், அவர்கள் எதிர்ப்பது ஊரை அல்ல, கேட்டதற்குப் பதிலே வராத நிர்வாகத்தை என்று தெரியும்.

ரசிகர்களே வாங்கிவிட்டால் தீருமா என்றால், அதுவும் அவ்வளவு எளிதல்ல. போர்ட்ஸ்மத்தை 2013-இல் ரசிகர் அறக்கட்டளை திவாலிலிருந்து மீட்டது. 2017-இல் பழைய ஸ்டேடியத்தைச் சீர்செய்யப் பணம் இல்லாமல், உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் விற்றார்கள். ஜெர்மனியில் ஓட்டின் பாதிக்கு மேல் உறுப்பினரிடம் இருக்க வேண்டும் என்ற விதி பலமானது. 2024 பிப்ரவரியில் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்தே ஒரு முதலீட்டுத் திட்டத்தை நிறுத்தினார்கள். அங்கே எறிந்த பந்துக்குப் பின்னால் ஓட்டு இருந்தது.

இங்கே அதை அப்படியே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பொது ஒழுங்குச் சட்டத்தின்படி, ஒரு நோக்கத்துக்காகப் பொது இடத்தில் கூடுவதற்குப் போலிஸ் அனுமதி வேண்டும், ஒரே ஆள் பதாகையோடு நின்றாலும்கூட. ஸ்டேடியம் வாசலும் பொது இடம்தான். விலக்கு ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. அங்கும் முன்கூட்டிப் பதிய வேண்டும், வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் அங்கே நடக்கும் போராட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. உங்கள் குழுவில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தம்பிகள் இருப்பார்கள். உணர்ச்சியில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அவர்கள் பிழைப்பு போகும். 2024 அக்டோபரில் தேனிலவுக்கு வந்த வலென்சியா ரசிகர் ஒருவர் லிம்முக்கு எதிரான வாசகத்தை இங்கே பதாகையாகவும் ஸ்டிக்கராகவும் காட்டி, கடப்பிதழ் முடக்கப்பட்டு, விசாரணைக்குப் பிறகே ஊர் போய்ச் சேர்ந்தார்.

நடுவில் எழுந்து போவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் நாற்பது பேர் போனால் கழிவறைக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நம் லீக்கில் ஒலிதான் தெரியும். சில நூறு பேர் இருக்கும் ஸ்டேடியத்தில் கொட்டும் பாட்டும் உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. முதல் பாதி முழுக்கக் கொட்டு இல்லாமல் உட்காருங்கள்; பயிற்றுநர் கத்துவதும் பந்து உதைபடும் சத்தமும் நேரலையில் கேட்கும். ஸ்பான்சருக்கும் கேட்கும். இரண்டாம் பாதியில் வழக்கம்போல் பாடுங்கள். "அணியோடு சண்டை இல்லை" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பொறுத்துப் போகச் சொல்லும் தரப்பும் இதற்கு ஒப்பும்.

உங்கள் குழுவின் நிலையையும் பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து பெயர், பொறுப்பாளர், சந்தா என்று வைத்துக்கொண்டால் அது பதிய வேண்டிய சங்கமாகலாம்; பதியாமல் பணம் திரட்டி அறிக்கை விட்டால் முதல் குற்றச்சாட்டு உங்கள்மேல் வரும். வாட்ஸ்அப்பில் "பணத்தைத் தின்றுவிட்டான்" என்று எழுதுவதும், அடுத்தவர் எழுதியதை அனுப்புவதும் அவதூறு வழக்குக்குப் போதும். ஒருவரைத் தொந்தரவு செய்ய அவர் வீட்டு முகவரி, வேலையிடம் போன்றவற்றைப் போடுவது தனிக் குற்றம். உண்மையிலேயே முறைகேட்டுக்கு ஆதாரம் இருந்தால் போலிசுக்குக் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.

கிளப்புக்கு எழுதும் கடிதத்தில் நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணோ, ஓர் ஆவணமோதான் பதிலாக இருக்க வேண்டும். "ஏன் பணத்தை வீணடிக்கிறீர்கள்?" என்றால் மூன்று பத்தி விளக்கம் வரும், எதுவும் தெரியாது. "வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளத்துக்கு எவ்வளவு, இளையர் அணிக்கு எவ்வளவு, தனித்தனியாக" என்றால் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது சொல்ல மறுத்தது எழுத்தில் பதிவாகும். நிர்வாகக் குழுவினர் யாருடைய நிறுவனமாவது கிளப்புக்குப் பொருளோ சேவையோ விற்கிறதா, தலைவர் கொடுத்த கடனின் நிபந்தனைகள் என்ன, அடுத்த பொதுக்கூட்டம் எந்தத் தேதி, இவை மற்ற மூன்று. செயலாளர் பெயருக்கு, 21 நாள் அவகாசத்தோடு, இரண்டு தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்திடுபவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்களாகவே இருக்கட்டும்.

எண்கள் கைக்கு வந்ததும் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 2024-இல் தொடங்கிய பருவம் 2025 மே வரை நீண்டது, அதன் பிறகு லீக் ஆகஸ்டில் தொடங்கும் முறைக்கு மாறியது. உங்கள் கிளப்பின் நிதியாண்டு டிசம்பரிலோ மார்ச்சிலோ முடிந்தால் ஒரே கணக்கில் இரண்டு பருவங்களின் துண்டுகள் கிடக்கும். சம்பளச் செலவு திடீரென்று ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரிந்தால், எத்தனை மாதச் சம்பளம் அதில் இருக்கிறது என்று பொருளாளரிடம் கேட்ட பிறகே அதை வைத்து வாதாடுங்கள்.